வெட்கம் பார்க்காத மிஸ்

எனக்கு எழுதிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அப்புறம் பேனா பிடித்ததெல்லாம் கையெழுத்துப் போடுவதற்கு மட்டும்தான். ஞாபகமும் முன்னைப் போல இல்லை. முன்னே நடந்ததைப் பின்னே எழுதியிருப்பேன், பெரிசு பண்ணாதீர்கள். வர்ஷா போனில் கேட்டதால்தான் எழுதுகிறேன். கேம்ப்புக்கு வந்த பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து மிஸ்ஸைப் பற்றி ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்களாம். “சமைச்சுப் போட்டவங்க நீங்க, உங்களுக்குத்தான் அவங்களை நல்லாத் தெரியும். எழுதுங்க பாட்டி” என்றாள். நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவது பரவாயில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கப்போவதில்லை.

மிஸ்ஸின் பெயரை நான் போடவில்லை. அவர் புகுந்த வீட்டுக்காரர்கள், அவர் நாகப்பட்டினத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தார் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அது அப்படியே இருக்கட்டும்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முத்துப்பேட்டைக்குத் தெற்கே ஒரு தென்னந்தோப்பில் கூடாரம் அடிப்பார்கள். சென்னை, கோயம்புத்தூர்ப் பள்ளிக்கூடங்களிலிருந்து பிள்ளைகள் வருவார்கள். அலையாத்திக் காட்டுக்குப் படகில் போவது, வேதாரண்யத்துக்கு அப்பால் இருக்கிற காட்டில் முதுகில் மூட்டையோடு நடப்பது, தானே தண்ணீர் காய்ச்சிக் குடிப்பது, வெட்டவெளியில் படுப்பது, இதெல்லாம் பாடம். மழை விட்டபிறகு மார்கழியில் ஆரம்பித்தால் மாசியோடு சரி. ஒரு கூட்டம் போனால் அடுத்த கூட்டம் வரும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்த் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பது மிஸ். நான் சமையல், படகு ஓட்ட ஒருத்தர்.

முதல் நாளே எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. நான் உலை வைத்துக்கொண்டிருந்தேன். பெண்பிள்ளைகள் வட்டமாக நின்றார்கள். மிஸ் ஆளுக்கொரு மண் தோண்டுகிற கரண்டியைக் கொடுத்தார். செடி நடப்போகிறார்கள் போல என்று நினைத்தேன். மிஸ் ஒரு சாண் ஆழத்துக்குக் குழி தோண்டினார். பிறகு, போட்டிருந்த பேண்டோடு அந்தக் குழிக்கு மேலே குந்தி உட்கார்ந்தார்.

“இப்படித்தான் உக்காரணும். காலை அகட்டி வைங்க, இல்லன்னா செருப்பு நனையும். முடிச்சதும் மண்ணைத் தள்ளி மூடணும். சந்தேகம் இருந்தா இப்பவே கேளுங்க.”

பிள்ளைகள் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், “மிஸ், டாய்லெட் இல்லையா?” என்றாள்.

“இருக்கே. இந்தத் தோப்பு முழுக்க உனக்குத்தான்.”

அடுப்புச் சூட்டை விட என் முகம் அதிகமாகச் சுட்டது. எங்கள் காலத்தில் நாங்களும் வயல் பக்கம்தான் போனோம். ஆனால் இருட்டு இருக்க வேண்டும். விடியும் முன்னே ஒரு தடவை, பொழுது சாய்ந்தபிறகு ஒரு தடவை. நடுப்பகலில் வந்தால் அடக்கிக்கொள்வோம். கூட வருகிறவளிடம்கூட அதைப் பற்றிப் பேச மாட்டோம். இந்தப் பெண்பிள்ளை பட்டப்பகலில் அதற்குப் பாடம் நடத்துகிறாளே என்று இருந்தது.

தினமும் காலையில் காபி குடிப்பதற்கு முன்னால் எல்லோரையும் வட்டமாக உட்கார வைப்பார். ஒவ்வொருத்தியிடமும் ஒரே கேள்விதான். “உடம்பு என்ன சொல்லுது?” தூக்கம் வந்ததா, கொப்புளம் இருக்கிறதா, ஒண்ணுக்கு என்ன நிறத்தில் போகிறது, தீட்டு வந்திருக்கிறதா, எல்லாவற்றையும் எல்லோர் காதிலும் விழச் சொல்ல வேண்டும். வட்டம் சுற்றி வந்து கடைசியில் மிஸ் தன்னுடையதைச் சொல்லுவார். “தூங்கினேன். முட்டி கொஞ்சம் வலி. வேற ஒண்ணுமில்ல.” அதற்குப் பிறகுதான் என் காபித் தூக்கு திறக்கும்.

ஒரு பிள்ளை வந்த நாள் முதலாகவே வெளிக்குப் போகவில்லை. பணக்கார வீட்டுப் பெண். வயிறு கல்லு மாதிரி ஆகி நடக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். மிஸ் அவளுக்கு வெந்நீரும் வாழைப்பழமும் கொடுத்தார். அவள் கையைப் பிடித்து ஒரு புதருக்குப் பக்கத்தில் கூட்டிக்கொண்டு போய், தான் முதுகைக் காட்டி நின்றுகொண்டு, சும்மா கதை பேசிக்கொண்டே இருந்தார். மத்தியானச் சாப்பாடு ஆறிப்போயிற்று. ஒரு வழியாக இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள். “வெக்கத்தை வயித்துல வச்சுக்கிட்டு நடக்க முடியாதுன்னு உன் உடம்பே சொல்லிடுச்சு பார்” என்றார். அந்தப் பிள்ளை மூன்று தட்டு சோறு சாப்பிட்டாள்.

பையன்களும் பெண்களும் கலந்து வருகிற கூட்டமும் உண்டு. ஒருநாள் மிஸ் தன்னுடைய தீட்டுத் துணியை அலசி, கூடாரக் கயிற்றில் எல்லார் துணியோடும் சேர்த்துக் காயப்போட்டிருந்தார். இரண்டு பையன்கள் முழங்கையால் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். மிஸ் பார்த்துவிட்டார். கோபப்படவில்லை.

“என்னப்பா?”

“ஒண்ணுமில்ல மிஸ்.”

“அது என்ன துணின்னு தெரியுமா?”

இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

“தெரியும்ல. அப்ப காத்துல விழுந்துடாம ஆளுக்கொரு கிளிப் மாட்டிட்டுப் போங்க.”

மாட்டினார்கள். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

என்னுடைய விஷயத்தையும் எழுத வேண்டும். எழுதலாமா கூடாதா என்று இரண்டு நாள் யோசித்தேன். மிஸ் பக்கத்தில் இருந்தால் எழுதத்தான் சொல்லுவார். எனக்குக் கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு கர்ப்பப்பை கீழே இறங்கிவிட்டது. நடவுக்குப் போய்க் குனிந்து குனிந்து இன்னும் மோசமாகிவிட்டது. வீட்டுக்காரர் சாகிறவரைக்கும் அவருக்குத் தெரியாது. மகளுக்குத் தெரியாது. நான் அடுப்புக்கு முன்னால் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதை மிஸ் நாலைந்து நாள் பார்த்திருக்கிறார். வெங்காயம் உரிக்க உட்கார்ந்த மாதிரி பக்கத்தில் உட்கார்ந்தார்.

“பெரியம்மா, கீழ ஏதாவது தொந்தரவு இருக்கா?”

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. பேட்ச் முடிந்த இடைவெளியில் மன்னார்குடி ஆஸ்பத்திரிக்கு அவரே பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா கேட்டதற்கெல்லாம் நான் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தேன், மிஸ்தான் பதில் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு நான் நிமிர்ந்து உட்காருகிறேன் என்றால் அது அவரால்தான்.

இப்படி ஊரார் உடம்பையெல்லாம் வாய்விட்டுப் பேச வைத்த மனுஷி தன் வீட்டைப் பற்றி மட்டும் லேசில் பேச மாட்டார். துண்டு துண்டாகத்தான் எனக்குத் தெரியும். புகுந்த வீடு பூதலூரில். ஒரு காலத்தில் நிறைய நிலம் இருந்த குடும்பம். இப்போது பாதி விற்றாயிற்று. புருஷன் தஞ்சாவூரில் பேங்கு வேலை. கை நீட்டுகிறவர் இல்லை, குடிக்கிறவர் இல்லை. மாமியாரும் கொடுமைக்காரி இல்லை. ஆனால் மருமகள் தெருமுனைக் கடைக்குப் போவதென்றாலும் யாரிடமாவது சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், கூட யாராவது வர வேண்டும்.

“நல்லா வச்சிருக்காங்கதானேம்மா?” என்று ஒருதடவை கேட்டேன்.

“தங்கமா வச்சிருக்காங்க பெரியம்மா. தங்கத்தை எங்க வைப்பாங்க? பீரோவுலதானே.”

கல்யாணத்துக்கு முன்னால் இருந்தே இந்த வேலை பார்த்தவர். கல்யாணப் பேச்சிலேயே இதைச் சொல்லியிருக்கிறார். மாமியார் மறுக்கவில்லை. “குழந்தை வர்ற வரைக்கும் போய்ட்டு வரட்டும்” என்றாராம். அதுதான் பேச்சு. குழந்தை வரவில்லை. வருஷா வருஷம் மார்கழி வந்தால் மிஸ் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிடுவார். மாசி முடிந்து போனால் அப்புறம் அந்த வீடுதான். கோயில் கோயிலாகக் கூட்டிப் போவார்கள். மாயவரத்தில் ஒரு டாக்டர், தஞ்சாவூரில் ஒரு டாக்டர். “சாமிகிட்ட என்ன கேப்பீங்க?” என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். மிஸ் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். “ஒண்ணும் கேக்க மாட்டேன். எனக்குப் பிள்ளையும் வேணும், இதுவும் வேணும். ரெண்டையும் சேத்துக் கேட்டா சாமிக்கே குழப்பமாயிடும்” என்றார்.

சீசன் முடிகிற கடைசி வாரத்தில் அவர் முகத்தைப் பார்க்க முடியாது. கூடாரத்தை மடிப்பார், மறுபடி பிரிப்பார், சரியாக மடிக்கவில்லை என்று மறுபடி மடிப்பார்.

கடைசி வருஷம் வந்தபோது எனக்கு நாலாவது நாளே சந்தேகம். கருவாடு வறுத்தால் தட்டைத் தூக்கிக்கொண்டு காற்று வருகிற பக்கம் போய் உட்கார்ந்தார். காபியை வாங்கி, நான் பார்க்காதபோது தென்னை மரத்தடியில் ஊற்றினார். காலை வட்டத்தில் அவர் முறை வந்தால், கேள்வி முடிவதற்குள்ளேயே “ஒண்ணுமில்ல” என்று வந்துவிடும். முட்டி வலியைப் பற்றிக்கூடச் சொல்லவில்லை. சமைக்கிறவளிடம் இதெல்லாம் மறைக்க முடியாது.

பாத்திரம் கழுவுகிற இடத்தில் கேட்டேன். “எத்தனை மாசம்மா?”

மிஸ் சுற்றுமுற்றும் பார்த்தார். அவர் அப்படிப் பார்த்து நான் கண்டதே இல்லை.

“வீட்டுல தெரியாது பெரியம்மா. தெரிஞ்சா அன்னிக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவாங்க. இந்த சீசன் மட்டும் முடிச்சுக்கிறேன்.”

“இவ்ளோ நாள் கழிச்சு வந்திருக்கு. இந்தச் சேத்துலயும் வெயில்லயும் நடக்குறியே.”

“டாக்டரைப் பாத்துட்டுத்தான் வந்தேன். தனியாப் போய்ப் பாத்தேன். நடக்கலாம்னுதான் சொன்னாங்க.” பிறகு தணிந்த குரலில் சொன்னார். “இதுக்கு அப்புறம் எனக்கு எப்ப வாய்க்கும்?”

நான் கருவாடு வறுப்பதை நிறுத்திவிட்டேன். படகுக்காரர் மட்டும் இரண்டு நாள் முறைத்துக்கொண்டு சாப்பிட்டார்.

இனிமேல் அந்தப் படகு நாள்.

வர்ஷா இருந்த கூட்டம் அது. பல்லில் கம்பி போட்டிருந்தாள், எதற்கும் எதிர்க்கேள்வி கேட்பாள். காலையில் கோரையாற்று வழியாக அலையாத்திக் காட்டுக்குப் போனோம். காட்டுக்குள்ளே பலகை போட்ட நடைபாதை உண்டு. அங்கே பிள்ளைகளைத் தள்ளித் தள்ளி, ஒருத்தி கண்ணில் ஒருத்தி படாமல் உட்கார வைப்பார் மிஸ். அதற்குப் பேர் மௌன நேரம். விசில் ஊதுகிறவரைக்கும் யாரும் யாரோடும் பேசக் கூடாது, எழுந்து வரக் கூடாது, படகில் இருக்கிற எங்களுக்கும் அதே சட்டம். முன்னே ஒருதடவை படகுக்காரர் நடுவில் வந்து, பீடி பற்ற வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

அன்றைக்கு விசில் வரவே இல்லை. நானும் படகுக்காரரும் சாப்பாட்டுப் பாத்திரங்களோடு படகில் இருந்தோம். கடல் இறங்குகிற நேரம், ஆற்றுத் தண்ணீர் வற்றிக்கொண்டே இருந்தது. கரையில் புதுசாக மரத்தின் வேர்கள் தெரிய ஆரம்பித்தன. படகுக்காரர் என்னைப் பார்த்துத் தண்ணீரைக் கையால் காட்டினார். நான் காட்டைக் காட்டினேன். அவர் வானத்தைக் காட்டினார். நான் கையை விரித்தேன். வாய் மட்டும் திறக்கவில்லை இரண்டு பேரும். பிள்ளைகளும் அப்படியே உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இன்றைக்கு மிஸ் ரொம்ப நேரம் சோதிக்கிறார் என்று நினைத்தார்களாம்.

வர்ஷாவுக்கு ஒண்ணுக்கு வந்துவிட்டது. அதனால்தான் அவள் எழுந்து போய்ப் பார்த்தாள். மிஸ் நடைபாதைக் கம்பியில் சாய்ந்து, விசிலைக் கையில் பிடித்தபடி, குழந்தை மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாராம். பகலில் கண்ணை மூடாத மனுஷி.

அடித்துப் பிடித்துக்கொண்டு கிளம்பினோம். பாதி வழிகூட வரவில்லை, படகின் அடி சேற்றில் இழுத்து நின்றுவிட்டது. படகுக்காரர் இறங்கித் தள்ளப் பார்த்தார். தொடை வரைக்கும் உள்ளே போய்விட்டார். விளிம்பைப் பிடித்து ஏறி வந்தார்.

“தள்ளி ஆவாது மிஸ். தண்ணி ஏறுற வரைக்கும் இப்படியே கெடக்க வேண்டியதுதான்.”

“எப்ப ஏறும்?”

“சாயங்காலம் ஆவும்.”

“தண்ணி வத்துதுன்னு ஒரு குரல் கொடுத்திருக்கலாம்லண்ணே?”

“நீங்கதான பேசக் கூடாதுன்னீங்க.”

மிஸ் தலையை ஆட்டிக்கொண்டார். “என் தப்புதான்” என்று பிள்ளைகளிடம் சொன்னார். “தூங்கிட்டேன். யாரும் இறங்கக் கூடாது. இந்தச் சேறு இழுத்துக்கும். உக்காருங்க, தண்ணி வரும்.”

நடு மத்தியானம். மேலே கூரை கிடையாது. சுற்றிலும் சேறு மினுமினுவென்று கிடக்கிறது. அந்தப் பக்கம் மரம் தெரிகிறது, நிழல் தெரிகிறது, போக வழியில்லை. கொக்கும் உள்ளான் குருவியும் எங்கள் பக்கத்திலேயே சேற்றின் மேல் நடந்து போயின. கால் நீட்ட இடமில்லை. ஒருத்தி முட்டியை மடக்கினால் அடுத்தவள் நகர வேண்டும். நான் கொண்டுபோன புளிச்சோற்றைச் சாப்பிட்டுத் தண்ணீரைக் குடித்தார்கள். குடித்தது சும்மா இருக்குமா. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தொடையை இறுக்கிக்கொண்டு நெளிய ஆரம்பித்தது. ஒருத்தியும் சொல்லவில்லை. ஆம்பளை ஒருத்தர் படகில் இருக்கிறாரே. நானும்தான் அடக்கிக்கொண்டு இருந்தேன்.

மிஸ் ஒரு பார்வை பார்த்தார்.

“யார் யாருக்கு வருது, கையைத் தூக்குங்க.”

எல்லாக் கையும் மேலே போனது. கடைசியில் என்னுடையதும்.

தண்ணீர் இறைக்கிற வாளியைப் படகின் பின்பக்கம் வைத்தார். என்னிடமிருந்த மாற்றுப் புடவையை வாங்கி இரண்டு பிள்ளைகளிடம் கொடுத்துத் திரை பிடிக்கச் சொன்னார். படகுக்காரரை முன்பக்கம் பார்த்து உட்கார வைத்தார்.

“அண்ணே, சத்தம் கேட்டா பிள்ளைங்க கூச்சப்படும். ஏதாவது பாடுங்க.”

“பாட்டா? எனக்கு ஒண்ணும் வராது மிஸ்.”

“வேற என்னதான் சத்தமா வரும் உங்களுக்கு?”

அவர் யோசித்தார். “மீன் ஏலம் விடத் தெரியும்.”

“விடுங்க.”

அந்த மனுஷன் சேற்றைப் பார்த்துக்கொண்டு ஏலம் விட ஆரம்பித்தார். “கொடுவா, கொடுவா, உயிர் மீனு, துள்ளுது பாரு, கேளு கேளு, யாருப்பா அது, என்ன கேக்குற, இதுக்கு உன் வீட்டு நெத்திலிகூட வராதுய்யா.” ஒவ்வொருத்தியும் போய் வருகிறவரைக்கும் ஒவ்வொரு மீன். நான் போனபோது இறால் ஓடியது. திரை பிடித்த பிள்ளைகள் சிரிப்பில் புடவையை விட்டுவிடப் பார்த்தார்கள். “ஏலத்தைக் கலைக்காதீங்க புள்ளைங்களா” என்றார் அவர், திரும்பாமல். அத்தனை வெயிலிலும் அந்தக் கொஞ்ச நேரம் படகே கல்யாண வீடு மாதிரி இருந்தது.

அப்போதுதான் மிஸ்ஸுக்குக் குமட்டியது. விளிம்பைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வாந்தி எடுத்தார். இரண்டாம் தடவையும் எடுத்தார். நான் முதுகைத் தடவினேன். ஏலம் நின்றுவிட்டது.

வர்ஷா கேட்டாள். “மிஸ், உங்க உடம்பு என்ன சொல்லுது?”

“ஒண்ணுமில்ல. வெயில்.”

“காலையிலயும் ஒண்ணுமில்லன்னீங்க. நேத்தும் அப்படித்தான் சொன்னீங்க. நாங்க மட்டும் எல்லாத்தையும் சொல்லணுமா?”

தோப்பாக இருந்தால் மிஸ் எழுந்து வேறு வேலை பார்க்கப் போயிருப்பார். படகில் எங்கே போவது? திரும்பி உட்காரக்கூட இடமில்லை. பிள்ளைகள் எல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் வெயில்தான், பித்தம்தான் என்று ஏதாவது சொல்லிச் சமாளிக்கப் பார்த்தேன். மிஸ் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“குழந்தை உண்டாயிருக்கேன். மூணு மாசம்.”

பிள்ளைகளுக்கு ஒரே சந்தோஷம். கை தட்டினார்கள், படகு ஆடியது. “கங்கிராட்ஸ் மிஸ்” என்று ஆளாளுக்குக் கட்டிப்பிடித்தார்கள். படகுக்காரர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, “நல்ல சேதி மிஸ். கரைக்குப் போனதும் மொதல்ல ஸ்வீட்டு” என்றார். மிஸ் எல்லோருக்கும் நன்றி சொன்னார். பிறகு முட்டிக்கு நடுவில் முகத்தைப் புதைத்து அழ ஆரம்பித்தார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று பிள்ளைகள் நினைத்தார்கள். கை தட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது.

வர்ஷாவுக்குத்தான் முதலில் புரிந்தது. “யாருக்கும் தெரியாதா மிஸ்? நாங்க சொல்ல மாட்டோம். ப்ராமிஸ். எங்க அம்மாகிட்டகூடச் சொல்ல மாட்டோம்.”

மிஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் ஒரு தலையாட்டு ஆட்டியிருந்தால் போதும், அந்தப் பிள்ளைகள் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள். இன்னும் இரண்டு கூட்டத்தை அவர் கூட்டிப் போயிருக்கலாம்.

“வேணாம்மா” என்றார். “உடம்புல இருக்குறதைச் சொல்லுன்னு உங்களைப் படுத்தி எடுத்துட்டு, என்னோடதை மறைங்கன்னு எப்படிக் கேக்குறது? ஊருக்குப் போய் அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லுங்க. நானும் வீட்டுல சொல்லிடுறேன்.”

தண்ணீர் எப்போது வந்தது என்று தெரியாமல் வந்தது. முதலில் சேற்றில் ஒரு கோடு மாதிரி ஓடியது. படகு லேசாக அசைந்தது. படகுக்காரர் எழுந்து நின்று கழியை ஊன்றினார். மற்ற நாளாக இருந்தால் பிள்ளைகள் கூச்சல் போட்டிருப்பார்கள். அன்றைக்குப் படகு மிதந்தது யாருக்கும் பிடிக்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

படகுத்துறையில் இறங்கியதும் மிஸ் போனை எடுத்துக்கொண்டு ஓரமாகப் போனார். மறுநாள் காலையில் புருஷன் காரில் வந்துவிட்டார். முதுகுக்கு ஒன்று, காலுக்கு ஒன்று என்று இரண்டு தலையணை எடுத்து வந்திருந்தார். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். “நீங்கதான் பாத்துக்கிட்டீங்களாம். ரொம்ப நன்றிங்க. அம்மா நேத்துலேர்ந்து அழுதுகிட்டே இருக்காங்க, சந்தோஷத்துல.” அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. மிஸ்ஸைப் பின்சீட்டில் சாய்ந்தாற்போல உட்கார வைத்தார். தூசி வரும் என்று கண்ணாடியை ஏற்றினார். மிஸ் உள்ளே இருந்து என்னவோ சொன்னார், வெளியே கேட்கவில்லை.

அடுத்த சீசனுக்கு வேறு ஒருத்தர் வந்தார். நல்லவர்தான். காலையில் வட்டமெல்லாம் கிடையாது. நான் ஒரு வருஷம் சமைத்துவிட்டு நின்றுகொண்டேன்.

சில வருஷம் கழித்து என் தங்கை பேத்தி கல்யாணம் பூதலூரில். கல்யாணம் முடிந்து, விசாரித்துக்கொண்டு மிஸ் வீட்டுக்குப் போனேன். வாசலில் கம்பிக் கதவு. மாமியார் மரியாதையாக உட்கார வைத்துக் காபி கொடுத்தார். “நாகப்பட்டினம் ஸ்கூல்ல சமைச்சவங்களா?” என்றார். “ஆமாங்க” என்றேன். மிஸ் புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தார், குரல் ரொம்பத் தணிந்து போயிருந்தது. என் உடம்பை விசாரித்ததுகூட, “சௌக்கியமா?” என்ற ஒரே வார்த்தைதான். பெண்குழந்தை, கொழுகொழுவென்று, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்தில் நின்று, “அம்மா, ஆயி வருது” என்றது.

“உஷ். வந்தவங்க முன்னாடி என்ன பேச்சு அது?” என்றார் மாமியார், சிரித்துக்கொண்டேதான்.

மிஸ் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கொல்லைக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் அங்கேயிருந்து, நான் கேட்டுக் கேட்டுப் பழகிய அந்தக் குரல் வந்தது. “நல்லா சொன்னே. எப்பவும் இப்படிச் சத்தமா சொல்லணும்.”

நான் கிளம்பும்போது மிஸ் மாமியாரிடம் கேட்டார். “பெரியம்மாவை வண்டி ஏத்தி விட்டுட்டு வந்துடுறேன் அத்தை.”

“வெயில்ல குழந்தையைத் தூக்கிட்டுப் போறியே. சீக்கிரம் வந்துடு.”

தஞ்சாவூர்ப் பாசஞ்சர் வந்தது. மிஸ் என் பையை எடுத்துக்கொண்டு பெட்டியில் ஏறி, எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்தார். தானும் எதிரே உட்கார்ந்தார், குழந்தை மடியில். இறங்குவார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். வண்டி நகர்ந்துவிட்டது.

“ஏம்மா, வண்டி கெளம்பிடுச்சு.”

“தெரியும் பெரியம்மா.”

“டிக்கெட்டு இல்லையே.”

“அடுத்த ஸ்டேஷன்ல இறங்கிடுறேன்.”

ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டார். நடவு முடிந்த வயல்கள் ஒரே பச்சையாக ஓடின. குழந்தை கம்பிக்கு வெளியே கையை நீட்டியது, மிஸ் தடுக்கவில்லை.

ஆலக்குடியில் இறங்கினார். எனக்கு மனசு அடித்துக்கொண்டது. “எப்படிம்மா திரும்புவ? அடுத்த வண்டி எப்ப வருமோ?”

“நடந்துடுறேன். வாய்க்கால் கரை இருக்கும்.”

“வீட்டுல கேட்டா?”

“ஏத்தி விட்டு இறங்குறதுக்குள்ள வண்டி கெளம்பிடுச்சுன்னு சொல்லுவேன்.” சொல்லிவிட்டுத் தானே சிரித்தார். “பொய்தான். எனக்கும் வருது பாத்தீங்களா.”

வண்டி கிளம்பியது. மிஸ் புடவையைத் தூக்கிச் செருகி, குழந்தையைத் தோளில் உட்கார வைத்துக்கொண்டு, வெளியே போகிற வழிக்குப் போகாமல் பிளாட்பாரம் முடிகிற பக்கம் நடந்தார். ஒரு புங்க மரம் மறைத்துவிட்டது. அதற்குமேல் நான் பார்க்கவில்லை. அப்புறம் அவர் போன் நம்பரும் மாறிவிட்டது.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். மன்னார்குடி ஆஸ்பத்திரியா, திருத்துறைப்பூண்டி ஆஸ்பத்திரியா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. படகு நின்ற இடம் எது என்பது வர்ஷாவுக்குத் தெரியும், சரி பார்த்துக்கொள்ளட்டும். ஒன்றே ஒன்றை மட்டும் அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால் தேவலை. ஆலக்குடியிலிருந்து பூதலூர் வரைக்கும், தோளில் குழந்தையோடு ஒரு பெண்பிள்ளை நடந்து போகிற மாதிரி, வாய்க்கால் கரை விடாமல் போகிறதா, இல்லை நடுவில் எங்காவது அறுந்து போகிறதா?